குழந்தைகளும் மதப் பயிற்சியும்

குழந்தைகளை மத நெறியில் வளர்ப்பது நன்மையா, தீமையா என்னும் விவாதம் புதியதன்று. இதைப் பொதுப்படப் பேசுவதால் பயனில்லை. நீதிஸ்தலங்களில் தீர்ந்த இரண்டு வழக்குகளை ஆராய்வோமாயின் உண்மை விளங்கும்.

1985-ஆம் வருஷம் ஜூலை மாதம் கேரள ராஜ்யத்துப் பள்ளிக்கூடமொன்றிலிருந்து மூன்று குழந்தைகள் நீக்கப்பட்டனர். ஜெஹோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், தேசிய கீதம் பாடப்படுங்கால் மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. ஜெஹோவாவைத் துதிப்பதையன்றி வேறு வழிபாட்டில் கலத்தல் ஆகாதென்பது அவர்கள் வீட்டில் கற்ற பாடம். ஹைகோர்ட்டு அவர்களது முறையீட்டைத் தள்ளிவிட்டது. 1986-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு, கீதத்தைப் பாடியே தீரவேண்டுமென்று எச்சட்டமும் விதிக்கவில்லை என்று நீதிபதி ஸ்ரீ சின்னப்ப ரெட்டியின் வாயிலாக எடுத்துரைத்து, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது.

தேசபக்தர்களிற் சிலருக்கு இத்தீர்ப்பு கசந்திருக்கலாம். நமக்குக் கசக்கவில்லை. பள்ளி முழுவதும் பாடுகையில் தான் மட்டும் பாடாது நிற்க ஒரு குழந்தைக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவ்வுரத்தை அளித்தது மதப் பயிற்சியே. சர்க்காரின் ஆணையினும் மனச்சாட்சியே பெரிதென்று சிறை புகுந்தோரால் விடுதலை பெற்ற தேசம், ஒரு குழந்தையின் மனச்சாட்சியைக் கண்டு அஞ்சலாமா? பிரம்புக்குப் பயந்து பாடும் குழந்தை கற்பது தேசபக்தியன்று, கபடமே.

ஆயின், இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் 16 வயது வரை பள்ளி செல்லுதல் கட்டாயமாயிருந்தது. ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோர் மூவர், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு தம் சமய வாழ்வைக் குலைக்குமென்று கூறி, 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1972-ஆம் வருஷம் மே மாதம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் பெற்றோர் கட்சியே வென்றது. நீதிபதி டக்ளஸ் மாத்திரம் ஒரு பகுதியில் மாறுபட்டார். பிள்ளைகளில் ஒரு சிறுமியே தன் கருத்தைச் சாட்சியமாகச் சொல்லியிருந்தாள். ஏனையோரைக் கேளாமலே அவர்களது எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாமா என்பது அவர் எழுப்பிய ஆட்சேபம். அது இன்றும் நியாயமானதென்றே நாம் கருதுகிறோம்.

இரண்டு வழக்குகளிலும் வீடு மதத்தைப் போதித்தது. கேரளத்தில் வீடு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிற்று, பள்ளியே கதவடைத்தது. விஸ்கான்ஸினில் கதவடைத்தது வீடு. ஆகவே, குற்றம் மதப் பயிற்சியிலன்று, கதவை அடைப்பதிலேயே இருக்கிறது. தான் கற்ற நெறியைப் பிற்காலத்தில் தானே ஆராய்ந்து கொள்ளவோ தள்ளவோ வல்ல அறிவைக் குழந்தைக்கு விட்டுவைக்கும் பயிற்சி நற்பயிற்சி. அவ்வறிவையே மறுக்கும் பயிற்சி அடிமைத்தனம்.

இது அயல்நாட்டு விஷயமென்று நாம் வாளாவிருத்தற்கில்லை. 2002-ஆம் வருஷத்திய திருத்தத்தால் நமது அரசியல் சட்டத்திற் சேர்ந்த 21-ஏ ஷரத்து, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே கல்வியை உரிமையாக்குகிறது. ஆமிஷ் பிள்ளைகளின் படிப்பு நின்றதும் ஏறக்குறைய அவ்வயதில்தான். அதற்குமேல் படிப்பதும் நிற்பதும் பெரும்பாலும் பெற்றோர் சித்தமாகவே முடிகிறது.

எனவே, பொதுத் தொண்டில் ஈடுபட்டோர்க்கு நாம் கூறுவது இதுவே. மத நம்பிக்கைக்காக ஒரு குழந்தையைப் பள்ளி தண்டிக்குமாயின், குழந்தையின் பக்கம் நில்லுங்கள். மதத்தின் பேரால் ஒரு குழந்தையின் படிப்பை வீடு நிறுத்துமாயின், அப்போதும் குழந்தையின் பக்கமே நில்லுங்கள். இரண்டிலும் முதலில் அக்குழந்தையின் வார்த்தையைக் கேளுங்கள்.