மூலப்படியை எம்.பி.3-ல் வைக்க வேண்டாம்

நம் சங்க நூலக பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் காஸெட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று செயற்குழு முடிவு செய்திருப்பது மிகவும் நல்ல காரியம். பத்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. ஆனால் எல்லாவற்றையும் 128 கிலோபிட் எம்.பி.3 ஆக மாற்றி, ஒரே ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, காஸெட்டுகளைக் கழித்துவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசுவோம். சுமார் 240 காஸெட்டுகள். நவராத்திரிக் கச்சேரிகள், தியாகராஜ ஆராதனையில் நம் உறுப்பினர்கள் சேர்ந்து பாடிய பஞ்சரத்னம், டில்லிக்குப் போகும் வழியில் ஜி.டி. எக்ஸ்பிரஸிலிருந்து நாக்பூரில் இறங்கி, ஒரு ராத்திரி நமக்காகப் பாடிவிட்டுப் போன வித்வான்கள். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. இவை எந்தக் கடையிலும் விற்ற காஸெட்டுகள் அல்ல. வேறு பிரதி எங்கும் கிடையாது. டேப்பும் இன்னும் எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்போது எந்த வடிவத்தில் எடுக்கிறோமோ அதுதான் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கப் போகிறது.

கம்ப்யூட்டர் ஒலியை எண்களாகத்தான் எழுதிக்கொள்கிறது. ஸி.டி. கணக்குப்படி ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இடது, வலது என்று இரண்டு சானல். இதை அப்படியே எழுதி வைத்தால் வேவ் ஃபைல். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. பிடிக்கும். அதே ஒரு மணி நேரம் 128 கிலோபிட் எம்.பி.3-ல் 58 எம்.பி.க்குள் அடங்கிவிடுகிறது. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு எங்கே போயிற்று?

அதில் ஒரு பகுதி சாமர்த்தியமான சுருக்கம். பெரும்பகுதி வெட்டி எறியப்பட்டது. பலமான ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலி நம் காதுக்குக் கேட்பதில்லை என்பது எம்.பி.3-க்கு ஆதாரமான கொள்கை. கேட்காததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கழித்துவிடுகிறது. கொள்கை தப்பில்லை. ஆனால் பிட் குறையக் குறைய, கேட்பதிலும் கை வைக்க ஆரம்பிக்கிறது. பாடகரின் குரலுக்குப் பின்னால் இழையும் தம்பூராவின் ஸ்வரங்கள் மங்கிப்போகின்றன. மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஒரு அடி விழும் அந்தக் கணத்தின் கூர்மை மழுங்கி, அடிக்குச் சற்று முன்னாலேயே ஒரு சிதறல் கேட்கிறது. தனி ஆவர்த்தனத்தில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் இது நன்றாகவே தெரியும்.

“காஸெட்டே ‘உஸ்’ என்று இரைகிறது, இதற்கு எம்.பி.3 போதாதா?” என்று கேட்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். அந்த இரைச்சல் ஒழுங்கில்லாதது. சுருக்குவதற்கு மிகக் கஷ்டமானது. இருக்கும் கொஞ்சம் பிட்டுகளை எம்.பி.3 அதற்கும் பங்கு போட வேண்டியிருக்கிறது. விளைவு, இரைச்சல் தண்ணீருக்கடியில் கொப்பளிப்பதுபோல் மாறி, பாட்டையும் கெடுக்கிறது. நாளைக்கு யாராவது நல்ல மென்பொருள் கொண்டு இரைச்சலைக் களைய நினைத்தாலும், வெட்டுப்படாத மூலம் இருந்தால்தான் சுத்தமாகச் செய்ய முடியும். எம்.பி.3-ஐ மறுபடி வேவ் ஆக மாற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: ஃபைல்தான் பெரிதாகும், போனது வராது.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நாளில் பாலங்களின் மூல வரைபடம் ட்ரேஸிங்கில் மசியால் வரையப்பட்டிருக்கும். அது டிராயிங் ஆபீஸ் அலமாரியை விட்டு வெளியே வராது. சைட்டுக்குப் போவதெல்லாம் அதிலிருந்து எடுத்த அம்மோனியா பிரிண்ட். அது வெயிலில் வெளுக்கும், அதன்மேல் டீ கொட்டும். கிழிந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்வோம். பிரிண்டை வைத்துக்கொண்டு ட்ரேஸிங்கைக் கிழித்துப் போடலாம் என்று எந்த ஓவர்ஸியரும் சொன்னதில்லை. எம்.பி.3 நமக்குப் பிரிண்ட். மொபைலில் கேட்க, உறவினருக்கு அனுப்ப அதைவிட வசதி இல்லை. 320 கிலோபிட்டில் எடுத்தால் அறுபதைத் தாண்டிய என் காதுக்கு வித்தியாசமே தெரிவதில்லை. ஆனால் அது ட்ரேஸிங் ஆகாது. வெட்டவோ ஒட்டவோ திறந்து மறுபடி எம்.பி.3 ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

ட்ரேஸிங்குக்கு நான் சொல்வது ஃப்ளாக். 2001-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. இலவசம், யாருக்கும் ராயல்டி இல்லை. 2024 டிசம்பரில் ஆர்.எஃப்.ஸி. 9639 என்ற எண்ணில் இணையத் தர ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. ஹோல்டாலில் படுக்கையை இறுக்கிக் கட்டுவதுபோல இது எதையும் எறியாமல் சுருக்குகிறது. பிரித்தால் கடைசி எண் வரை அதே வேவ். பொதுவாகப் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் அளவுக்குச் சுருங்கும். இரைச்சல் அதிகமான டேப் அவ்வளவு சுருங்காது. இதைவிட எனக்குப் பிடித்தது, மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்று ஃபைலுக்குள்ளேயே இருப்பது. வேகன் கதவில் வைக்கும் ஸீல் மாதிரி. நடுவில் ஒரு பிட் கெட்டாலும் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும். ராகம், தாளம், பாடியவர், தேதி எல்லாவற்றையும் தமிழிலேயே உள்ளே எழுதி வைக்கலாம்.

ஐ.ஏ.எஸ்.ஏ. என்னும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் சிபாரிசு செய்வது வேவ்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய காப்பகங்களுக்கு அது சரி. வாலண்டியர்களை நம்பி நடக்கும் நமக்கு ஸீல் உள்ள பெட்டி நல்லது என்பது என் கட்சி. ஆனால் அவர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவை, அதாவது 48,000 அளவீடு, 24 பிட் என்பதை, நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 24 பிட் இருந்தால் லெவலை உச்சத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் கீழேயே வைத்துக்கொள்ள முடியும். திடீரென்று தவில் முழங்கினாலும் தலை வெட்டுப்படாது. மெல்லிய ஆலாபனையும் வீணாகாது.

இடம் போதுமா என்றால், 240 காஸெட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி என்று வைத்தாலும் 360 மணி. வேவ் ஆகவே வைத்தால்கூட 375 ஜி.பி.க்குள். ஃப்ளாக்கில் இன்னும் குறைவு. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். இரண்டு வாங்கி, ஒன்றைச் சங்கத்திலும் இன்னொன்றை வேறொரு வீட்டிலும் வைக்க வேண்டும். பொங்கல் விருந்துச் செலவில் இது ஒரு சிறு பங்குதான். பதிவு செய்ய ஆடாஸிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், ஃப்ளாக், எம்.பி.3 இரண்டையும் அதிலேயே எடுக்கலாம்.

நமக்கு இப்போது தட்டுப்பாடு டிஸ்க்குக்கு அல்ல, நல்ல டெக்குக்குத்தான். ஹெட் தேயாமல், வேகம் மாறாமல் ஓடும் டெக் வைத்திருக்கும் அன்பர்கள் செயலாளரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து உட்கார்ந்து பதிவு செய்து தரத் தயார். அதுவரை அந்தக் கீழ்த்தட்டை யாரும் காலி செய்ய வேண்டாம்.