பேரணிக்கு மட்டுமா பைக்?

தேர்தல் நெருங்கிவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். காலை எட்டு மணிக்கு ஐம்பது, அறுபது பைக்குகள் இரட்டை வரிசையில் நிற்கும். ஹேண்டில்பாரில் பலூன், ஓட்டுபவர் நெஞ்சில் ‘வாக்களிப்பது நம் கடமை’ என்று அச்சிட்ட புது டி-ஷர்ட், எல்லோர் தலையிலும் ஹெல்மெட். ஆட்சியர் கொடியசைப்பார். வண்டிகள் ஹாரன் அடித்தபடி பேருந்து நிலையத்தைச் சுற்றிவந்து கலையும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘வாக்காளர் விழிப்புணர்வு இருசக்கர வாகனப் பேரணி’ என்று படம் வரும்.

அதே வாரம் அதே ஊரில் கட்சிகளின் பைக் பேரணியும் நடக்கும். பங்க்கில் டோக்கனைக் காட்டினால் பெட்ரோல். வண்டிக்கு ஒரு கொடி, பின்சீட்டில் இன்னொரு ஆள். வேட்பாளர் திறந்த ஜீப்பில் நின்று கும்பிட, அவருக்கு முன்னும் பின்னும் நூறு வண்டிகள் புகை கக்கிக்கொண்டு போகும்.

இரண்டு பேரணியிலும் வண்டி ஓட்டுபவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. எந்தத் தெருவில் பள்ளம், எந்த வளைவில் விளக்கு எரியவில்லை, வாக்குப்பதிவு நாளில் உனக்கு விடுமுறை உண்டா, உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. கூட்டம் காட்ட அவன் வேண்டும், அவ்வளவுதான். தேர்தல் ஆணையமும் அவனை ஊர்வலமாகத்தான் பார்க்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தல்களின்போது, வாக்குப்பதிவுக்கு 72 மணி நேரம் முன்பிருந்தே பைக் பேரணி கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. மிரட்டலைத் தடுக்கும் நல்ல உத்தரவுதான். ஆனால் இருசக்கர வாகனத்தைப் பற்றி ஆணையத்துக்குச் சொல்ல இருப்பது கொடியசைப்பும் இந்தத் தடையும் மட்டும்தான் என்றால், அங்கேதான் எரிச்சல் வருகிறது.

இந்தியச் சாலைகளில் பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று இருசக்கர வாகனங்கள். 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். இந்த வகைச் சாவில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ஓராண்டில் பதினோராயிரத்துக்கும் மேல். தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ ஒரே ஆண்டில் இத்தனை பேர் செத்திருந்தால் சட்டமன்றம் நாள்கணக்கில் முடங்கியிருக்கும். இங்கே இரங்கல் தீர்மானம்கூட இல்லை.

சாவு எங்கே காத்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நூறு சிசி பைக்கின் முன்டயர் அகலம் எண்பது மில்லிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை. சென்டர் மீடியன் ஓரமாகச் சேர்ந்து கிடக்கும் மணல், கேபிள் புதைத்துவிட்டு அரைகுறையாக மூடிய குறுக்குப் பள்ளம், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர் ஆகியவற்றின் மேல் கார் ஒரு குலுக்கலோடு ஏறி இறங்கிவிடும். பைக்கில் வருபவர் மழை இரவில், எதிரே லாரியின் ஹைபீம் கண்ணில் அடிக்க, அந்த உள்ளங்கை அகலத்தை நம்பித்தான் அதன் மேல் ஏறுகிறார். பின்சீட்டில் மனைவி, டேங்க்கின் மேல் குழந்தை.

அரசியலுக்கும் அவருக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் பைக்கில் வந்த ஓர் இளம் பொறியாளர் இறந்தார். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக நட்ட வரவேற்பு வளைவின் கட்டையில் மோதியதே காரணம் என்றார்கள் சுற்றத்தார். லாரிதான் காரணம் என்றது போலீஸ். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை இளைஞர்கள் அந்தத் தார்ச்சாலையிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு மீடியனில் கட்டிய பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயர் நீதிமன்றம் கொதித்தது. இனி பேனர் வேண்டாம் என்று கட்சித் தலைவர்கள் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேண்டுகோளின் ஆயுள் எவ்வளவு என்று எந்த ஊரின் நான்குமுனைச் சந்திப்பிலும் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

இருசக்கர வாகன ஓட்டிகள் வாக்காளர்களாகத் திரண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்ற நிலை வந்தது. 1975க்குள் 47 மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. அப்போது அங்கே இருந்த மோட்டார் சைக்கிள்கள் சுமார் 50 லட்சம். மக்கள்தொகையோ 21 கோடிக்கு மேல். நாற்பது பேருக்கு ஒரு வண்டிகூட இல்லை. தோல் ஜாக்கெட், தாடி, ரவுடி என்ற பெயர். மதிப்பான குடும்பங்கள் முகம் சுளிக்கும் கூட்டம். அந்தக் கூட்டம்தான் 1970களின் தொடக்கத்தில் ‘ஏபேட்’ என்ற பெயரில் மாநிலம் மாநிலமாகக் கிளை கட்டியது. தோள் கொடுத்தது ‘ஈஸிரைடர்ஸ்’ என்ற பைக் பத்திரிகை. மாநிலச் சட்டமன்ற வாசலில் வண்டிகளை நிறுத்தினார்கள். உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று கணக்கு வைத்தார்கள்.

சட்டம் போடாத கலிபோர்னியா உள்ளிட்ட மூன்று மாநிலங்களின் நிதியில் கைவைக்க மத்திய அரசு 1975இல் முனைந்தது. அதுதான் திருப்புமுனை. கடும் வலதுசாரியான ஜெஸ்ஸி ஹெல்ம்ஸும் தாராளவாதியான ஆலன் கிரான்ஸ்டனும் செனட்டில் ஒரே அணியில் நின்றார்கள். 1976 மே மாதம் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அந்த நிதித் தண்டனையை நீக்கியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் ஹெல்மெட் சட்டத்தைக் கைவிட்டன அல்லது தளர்த்தின.

அவர்கள் கேட்டது தவறான வரம். 1976இல் சுமார் 3,300 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் சாவு 1980இல் 5,100ஐத் தாண்டியது. வண்டிகள் பெருகியதும் ஒரு காரணம் என்றாலும், தலைக்கவசத்தைக் கழற்றியதன் விலை அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது பலத்தை. இன்றும் அங்கே பதிவான வாகனங்களில் மோட்டார் சைக்கிள் நூற்றுக்கு மூன்றுதான். அந்த மூன்று பங்குக்காரர்கள் ஒரு மத்தியச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்தார்கள். பிறகும் ஓயவில்லை. பைக் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் போலீஸ் மடக்கக் கூடாது என்று 2011இல் வாஷிங்டன் மாநிலத்தில் சட்டம் வாங்கினார்கள். இங்கே நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வைத்திருப்பவர்களால் தெருமுனையில் ஒரு பள்ளத்தை மூட வைக்க முடியவில்லை. மூன்று, எழுபத்தைந்து: இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும்.

பலம் இங்கே இல்லாமல் இல்லை, தூங்குகிறது. 2025 ஜூன் 26 அன்று, சுங்கச்சாவடிகளில் இனி டூவீலருக்கும் கட்டணம் என்று ஒரு செய்தி பரவியது. அன்றைக்கே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அது பொய் என்று மறுத்தார். எத்தனையோ புகார்களுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் வராத நாட்டில், இந்த மறுப்புக்குச் சில மணி நேரம்தான் ஆனது. பயம் எங்கே இருக்கிறது என்று அரசியல்வாதிக்குத் தெரியும். வண்டி ஓட்டுபவருக்குத்தான் தெரியவில்லை.

அதே ஜூனில் எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம், வண்டியோடு இரண்டு ஹெல்மெட் தர வேண்டும் என்று அமைச்சகம் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. அப்போது 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத்தான் ஏபிஎஸ் கட்டாயம். ஏழை வாங்கும் நூறு சிசி வண்டிக்கு இல்லை. விலை ஏறும், அவகாசம் வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். அமைச்சகம் ஒரு பக்கம், கம்பெனிகள் மறுபக்கம். அந்தப் பிரேக்கை மிதிக்கப் போகிறவரின் குரல் எங்கே கேட்டது?

வண்டி ஓட்டுபவர்கள் வாக்காளர்களாகத் திரள்வதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் பழையவை. வாக்கு சாதியைப் பார்த்தும் கட்சியைப் பார்த்தும் விழுகிறது, வண்டியைப் பார்த்து விழாது என்பார்கள். கோவை உழவர்களுக்குச் சாதி இல்லையா, கட்சி இல்லையா? மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் திரண்ட அவர்கள், நகரத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிறைத்து ஸ்தம்பிக்க வைத்தார்கள். அங்கே மூண்ட நெருப்புதான் உழவருக்கு இலவச மின்சாரம் என்பதை எந்தக் கட்சியும் தொடத் துணியாத உரிமையாக்கியது. மாட்டு வண்டிக்கு முடிந்தது மோட்டார் வண்டிக்கு முடியாது என்பது வெறும் சோம்பல் பேச்சு.

முதலில் ஹெல்மெட் போடட்டும், மூன்று பேர் ஏறுவதை நிறுத்தட்டும், பிறகு உரிமை பேசட்டும் என்பவர்கள் இன்னொரு ரகம். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது உண்மை. போட்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் 2007இலேயே கட்டாயமானது. தளர்ந்தது. 2015இல் உயர் நீதிமன்றம் மீண்டும் உலுக்கியது. 2022இல் அபராதம் ஆயிரம் ரூபாயானது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அபராத ரசீது மட்டுமே அரசு வண்டி ஓட்டுபவரோடு பேசும் மொழியாக இருக்கிறது. காரில் ஏசி போட்டுக்கொண்டு ஒழுக்கம் போதிப்பவர்களின் அனுமதி பெற்று அவர் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டியதில்லை.

ஓர் எண்ணில் தொடங்கலாம்: 137. 2021 தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியில் திமுக வேட்பாளர் ஜெ.கருணாநிதி வென்ற வாக்கு வித்தியாசம் அது. பாண்டி பஜாரை ஒட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் ஒரு மாலை நேரக் கூட்டத்திலேயே அதைவிட அதிக டூவீலர்கள் நிற்கும். மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281. தென்காசியில் 370. காட்பாடியில் துரைமுருகன் தப்பியது 746 வாக்கில். இந்த நான்கு தொகுதிகளிலும் ஒரே ஒரு மெக்கானிக் கடைத் தெரு ஒன்றாக முடிவெடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

அந்தத் தெரு ஏன் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை? 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 சதவீதம். மத்திய சென்னையில் 53.96, தென் சென்னையில் 54.17. நகரத்துக்காரன் சோம்பேறி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உணவு டெலிவரி செய்யும் ரைடரை எடுத்துக்கொள்ளலாம். ஊர் விழுப்புரம் பக்கம், தங்குவது நான்கு பேரோடு வேளச்சேரியில் ஒரு அறை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. அது வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்கு. இவரையோ ஆப் கம்பெனி ‘பார்ட்னர்’ என்று அழைக்கிறது. லாக்-இன் செய்யாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. அதே 2024இல் ரேபிடோ நிறுவனம் வாக்காளர்களைச் சாவடிக்கு இலவசமாக அழைத்துப்போவதாக அறிவித்தது. அழைத்துப்போனவர் தன் வாக்கைச் செலுத்தினாரா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தீவிர வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவரும் இரட்டைப் பதிவும் அதில் உண்டு, சரி. வாடகை வீடு மாறியவர்களும், வாக்குச்சாவடி அலுவலர் கதவைத் தட்டிய நேரத்தில் யாரோ ஒருவரின் பிரியாணியைச் சுமந்துகொண்டு அண்ணா சாலையில் இருந்தவர்களும் அதில் உண்டு. பலூன் கட்டிய பேரணி இவர்களில் ஒருவரையாவது பட்டியலில் சேர்த்ததா?

சேர்க்க வழி இருக்கிறது. 1993இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது; மக்கள் வழக்கில் அதன் பெயரே ‘மோட்டார் வோட்டர்’. ஓட்டுநர் உரிமம் வாங்கவோ புதுப்பிக்கவோ போகிறவருக்கு அதே கவுன்ட்டரில் வாக்காளர் பதிவும். நம் ஊரில் பதினெட்டு வயதானதும் ஒரு பையனோ பெண்ணோ முதலில் போய் நிற்கும் அரசு அலுவலகம் ஆர்டிஓ. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், விரல்ரேகை எல்லாம் அங்கே கொடுத்தாகிவிட்டது. பதினேழு வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று ஆணையம் 2022இல் அறிவித்தும் விட்டது. எல்எல்ஆர் வாங்க வருபவர் கையில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐக் கொடுக்க ஒரு சுற்றறிக்கை போதும். முகவரி மாற்ற வருபவருக்குப் படிவம் 8. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

கட்சிகளுக்கும் வேலை இருக்கிறது. பெட்ரோல் டோக்கனுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒவ்வொரு தொகுதியிலும் விபத்து நடக்கும் பத்து இடங்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். அதை வேட்பாளர் கையெழுத்தோடு பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் ஒட்டலாம். வாக்குப்பதிவு நாளில் ரைடருக்கு அரைநாள் ஈட்டுத்தொகை தர ஆப் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதலாம். ஆப் வழியே வேலை செய்யும் கிக் தொழிலாளருக்கான நல வாரியம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. 2025-26 பட்ஜெட்டில் மின் ஸ்கூட்டர் வாங்க இரண்டாயிரம் பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியமும் வந்தது. கொஞ்சம் சத்தம் போட்டதற்கே இவ்வளவு கிடைத்தது. வாக்குகளை எண்ணிக் காட்டினால் சென்னையின் பதினாறு தொகுதிகளையும் இருசக்கர வாகன ஓட்டிகளே தீர்மானிப்பார்கள். அதை முதலில் புரிந்துகொள்ளும் கட்சி அந்தப் பதினாறையும் அள்ளிக்கொண்டு போகும்.

அடுத்த பேரணிக்கு ஆட்சியர் கொடியோடு வாசலுக்கு வரும்போது, வரிசையில் முதல் வண்டியில் இருப்பவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தன் தெருவின் பள்ளம் எந்தத் தேதியில் மூடப்படும் என்று கேட்கட்டும். பதில் வந்த பிறகு வண்டியைக் கிளப்பலாம்.