வெயிலில் போகாதே என்றால் போதுமா, டாக்டர்?

எங்கள் வீட்டில் பத்து வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மருமகள், செங்கல் சூளையில் கல் அறுப்பவள். போன சித்திரையில் அவளுக்கு ஆறாம் மாசம். துணைக்கு ஆளில்லை என்று பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா நல்லபடியாகத்தான் பார்த்தார். "வெயில்ல நிக்காதம்மா, நிறைய தண்ணி குடி, ரெஸ்ட் எடு" என்றார். இவளும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "நிழல்ல உக்காந்தா கூலி யாருக்கா குடுப்பாங்க? தண்ணி குடிச்சா ஒதுங்க அங்க இடம் ஏதுக்கா?" என்று கேட்டாள். எனக்கு வாயே திறக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

வெயில்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபால் குழுவினர், நம் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2024ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கரு கலைவதும், குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்காகலாம் என்கிறது அது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெயில் ஏன் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது? நிலக்கரியும், பெட்ரோலும், டீசலும் எரித்த புகை வானத்தில் சேர்ந்து, பூமியைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த பாடம். இதைச் சுற்றுச்சூழல்காரர்கள் சொன்னால், 'இவங்களுக்கு வேற வேலையில்ல' என்று அடுத்த பக்கம் புரட்டி விடுகிறோம். அதையே டாக்டர் சொன்னால்? உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னதற்காக, முப்பது வருஷமாக ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாத என் வீட்டுக்காரரே ஊறுகாயை விட்டாரே!

அதனால்தான் சொல்கிறேன், டாக்டர்களும் நர்சுகளும் தனித்தனியாக நோயாளியிடம் சொன்னால் போதாது. ஒன்றாகச் சேர்ந்து அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. அணுகுண்டுக்கு எதிராக அமெரிக்க, ரஷ்ய டாக்டர்கள் 1980ல் கைகோத்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1985ல் அதற்கு நோபல் அமைதிப் பரிசே கிடைத்தது. 2018ல் டில்லியில் டாக்டர்கள் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய செயற்கை நுரையீரலை வைத்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது, சில நாளிலேயே கறுத்துப் போனது. பக்கம் பக்கமாக எழுதினாலும் அது மாதிரி உறைக்குமா? 2021ல் கிளாஸ்கோவில் உலக நாடுகள் பருவநிலை பற்றிப் பேசக் கூடியபோது, லண்டனிலிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்சுகளும் சைக்கிள் மிதித்தே போனார்கள். 4 கோடிக்கும் அதிகமான மருத்துவப் பணியாளர்களின் சங்கங்கள் சேர்ந்து எழுதிய கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் வழி திறந்துதான் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் சொன்னது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று டாக்டர் எழுதினால்தானே கணக்கில் ஏறும்? வயிற்றிலேயே போன பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது?

சூளையிலும் வயலிலும் நிழற்பந்தல், குடிதண்ணீர், கழிப்பறை, உச்சி வேளையில் கூலி பிடிக்காத ஓய்வு, இதெல்லாம் கட்டாயம் என்று ஒரு மாவட்டத்து டாக்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தால் தட்ட முடியுமா? கூடவே, புகையைக் குறைக்கவும் அவர்கள்தான் குரல் கொடுக்க வேண்டும். இன்றைக்குப் பந்தல் போட்டுவிட்டு, நாளைய வெயிலை இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் எப்படி?

போன வாரம் பி.பி. பார்க்கப் போனபோது, எங்கள் குடும்ப டாக்டரிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டேன். "எங்களுக்கு நோயாளியைப் பாக்கவே நேரமில்லையேம்மா" என்றார் முதலில். சூளைக்காரப் பெண் கேட்டதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அப்புறம், "அடுத்த மாசம் எங்க சங்கக் கூட்டம் இருக்கு, பேசறேன்" என்றார்.

அடுத்த மாசமும் எனக்குப் பி.பி. பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் வரமாட்டேன்.

– ஒரு வாசகி, விழுப்புரம்