புள்ளிக்கு முன்னாடி யாரு?

'ஓவர்லோடிங்குக்கும் ஓவர்ரைடிங்குக்கும் என்ன வித்தியாசம்?' கேம்பஸ் இன்டர்வியூவில் அடிக்கடி வர்ற கேள்வி. 'பேர் ஒண்ணு, பாராமீட்டர் வேறன்னா ஓவர்லோடிங். அப்பா கிளாஸ்ல இருக்கறதை பிள்ளை கிளாஸ்ல மாத்தி எழுதினா ஓவர்ரைடிங்'னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சுடுவோம். 'சரி, எந்த மெத்தட் ஓடணும்னு யார் முடிவு பண்றா, எப்போ?'னு அடுத்த பந்து வந்தாதான் சிக்கல்!

மேட்டர் ரொம்ப சிம்பிள் மக்களே. ஜாவாவில் ஒரு மெத்தட்டைக் கூப்பிட்டா ரெண்டு முடிவு எடுக்கப்படுது. முதல் முடிவு, கம்பைலரோடது. அடைப்புக்குறிக்குள்ள நீங்க கொடுக்கிற வேரியபிளை என்ன டைப்னு டிக்ளேர் பண்ணியிருக்கீங்களோ, அதை மட்டும் பார்த்து 'இந்த பாராமீட்டர் உள்ள மெத்தட்தான்'னு சீல் குத்திடும். ரெண்டாவது முடிவு, புரொகிராம் ஓடும்போது. புள்ளிக்கு முன்னாடி நிஜமாவே எந்த ஆப்ஜெக்ட் இருக்குன்னு பார்த்து, அந்த கிளாஸோட மெத்தட் ஓடும். இதுதான் டைனமிக் டிஸ்பேட்ச். நார்வேயில டால், நைகார்ட்னு ரெண்டு பேர் உருவாக்கின சிமுலா 67-லயே வந்துட்ட ஐடியா இது.

ஆக, புள்ளிக்கு முன்னாடி இருக்கறவரை ஆள் பார்த்து உள்ளே விடுவாங்க. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறவருக்கு ஐ.டி. கார்டுல என்ன எழுதியிருக்கோ அவ்வளவுதான் மரியாதை!

'இதனால எனக்கென்ன?'னு கேட்கறீங்களா? ஸ்டூடன்ட்னு ஒரு கிளாஸ் எழுதுங்க. ரோல் நம்பர் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னு சொல்ல, ஈக்வல்ஸ் மெத்தட். பாராமீட்டர் டைப், ஸ்டூடன்ட். ஏ, பி-ன்னு ரெண்டு ஆப்ஜெக்ட், ரெண்டுக்கும் ரோல் நம்பர் 21. நேரடியா ஒப்பிட்டா 'ட்ரூ' வரும். இப்போ ஏ-வை ஒரு அரேலிஸ்ட்டில் போட்டு, 'பி உள்ளே இருக்கா?'னு கன்டெயின்ஸ் மூலமா கேளுங்க. 'ஃபால்ஸ்'! கம்பைலர்கிட்ட இருந்து எர்ரரும் கிடையாது.

காரணம், அரேலிஸ்ட்டோட கோடுக்குள்ள எல்லாமே ஆப்ஜெக்ட் டைப்தான். அது தேடறது ஆப்ஜெக்ட்டை பாராமீட்டரா வாங்குற ஈக்வல்ஸை. நீங்க எழுதினது ஓவர்ரைடிங்கே இல்ல, பக்கத்துல இன்னொரு மெத்தட். அதனால ஜாவாவோட ஒரிஜினல் ஈக்வல்ஸ் ஓடி, 'ரெண்டும் மெமரியில ஒரே ஆளா?'னு பார்த்துட்டு கையை விரிச்சிடுது. டூப்ளிகேட் என்ட்ரியைத் தடுக்கத்தான் அந்தச் செக்னா, ஒரே ஸ்டூடன்ட் ரெண்டு தடவை ஏறிடுவான்!

'ஸ்டூடன்ட்டும் ஒரு ஆப்ஜெக்ட்தானே, ஜாவா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?' கூடாது பாஸ். அப்பா கிளாஸ் 'எந்த ஆப்ஜெக்ட் கொடுத்தாலும் வாங்கிக்கறேன்'னு வாக்கு கொடுத்திருக்கு. பிள்ளை வந்து 'ஸ்டூடன்ட் மட்டும்தான்'னு சொன்னா, அப்பாவை நம்பி வேற எதையாவது அனுப்பினவன் கதி? ரிட்டர்ன் டைப்பைச் சுருக்கிக்கலாம், ஜாவா 5-ல இருந்து அதுக்கு அனுமதி உண்டு. பாராமீட்டரைச் சுருக்க முடியாது.

தப்பிக்க வழி? 2004-ல ஜாவா 5 கொண்டுவந்த ஓவர்ரைட் அனொடேஷனை மெத்தட்டுக்கு மேல ஒரு வரி போடுங்க. அது நிஜமான ஓவர்ரைடிங் இல்லேன்னா கம்பைலரே கத்தி ஊரைக் கூட்டிடும். பாராமீட்டரை ஆப்ஜெக்ட்னு மாத்தி, உள்ளே ஸ்டூடன்ட்தானான்னு செக் பண்ணிக்கோங்க. ஹேஷ்செட்டில் போடறதா இருந்தா ஹேஷ்கோடையும் சேர்த்து எழுதணும்.

எல்லா மொழியும் இப்படி இல்ல. 2012-ல வெளியான ஜூலியா, ஓடும்போது எல்லா ஆர்க்யுமென்ட்டோட நிஜ டைப்பையும் பார்த்துதான் மெத்தட்டைத் தேர்ந்தெடுக்கும். ஜாவாவில் அந்த எஃபெக்ட் வேணும்னா, விசிட்டர் பேட்டர்ன்னு ரெண்டு தடவை டிஸ்பேட்ச் பண்ணி சுத்தி வரணும்.

கடைசியா ஒரு குட்டி டெஸ்ட். முதல்ல எழுதின அதே கிளாஸ்தான். பி-யை, ஆப்ஜெக்ட்னு டிக்ளேர் பண்ணின எக்ஸ்-ங்கற வேரியபிள்ல வெச்சுட்டு, ஏ-வோட ஈக்வல்ஸுக்கு அந்த எக்ஸைக் கொடுத்தா... ட்ரூவா, ஃபால்ஸா? ஐ.டி. கார்டை ஞாபகம் வெச்சுக்கிட்டு சொல்லுங்க பார்ப்போம்!