உப்பளத்துக்காரனுக்கு ராக்கெட் எதற்கு?

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு சிறுகதைப் போட்டியின் பரிசளிப்பு விழா. மரக்காணத்துப் பையன் ஒருவன், நூறு வருஷம் கழித்துக் கடலுக்கடியில் போய்விட்ட உப்பளத்தைக் கதையாக்கியிருந்தான். நடுவர் மைக்கைப் பிடித்தார். "தம்பி, உங்க ஊர்ல இல்லாத சோகமா? உப்பு வாருற கையில இருக்கிற வெடிப்பை எழுதுப்பா. மாயாஜாலம், ராக்கெட்டெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு." கைதட்டல் வேறு. பையனுக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு, விக்கிரமாதித்தன் கதைகள்! கதையில் ராக்கெட்டே கிடையாது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

எதார்த்தம்தான் இலக்கியமாம், மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாம். சரி, தமிழில் நல்ல சிறுகதை ஒன்று சொல்லுங்கள் என்று இவர்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் வரும் பதில், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதியது. அதில் கடவுள் சென்னை பிராட்வே முனையில் நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், ஓட்டலில் காபி குடிக்கிறார், பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். எந்த ஊர் எதார்த்தம் ஐயா இது? லண்டன்காரன் இதை எழுதினால் 'நகர்ப்புற மிகைபுனைவு' என்று தனி அலமாரி. புதுமைப்பித்தன் எழுதினால் மேதைமை. மரக்காணத்தான் எழுதினால் மட்டும் இறக்குமதிச் சரக்கு. மண்வாசனைதான் வேண்டுமென்றால், புதுமைப்பித்தன் பிறந்ததே திருப்பாதிரிப்புலியூரில். பழைய கணக்கில் அதுவும் மரக்காணமும் ஒரே தென்னார்க்காடுதான்.

சரி, எதார்த்தத்துக்கே வருவோம். மழை ஓய்ந்ததும் பாத்தி மிதித்து, உப்புத்தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, உப்பு பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். சித்திரையில் ஒரு மணி நேரம் மழை கொட்டட்டும். பூத்தது கரைந்து பாத்தி சேறாகிவிடும், மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும். பருவம் தப்பிப்போன ஊரில் நாளைய பயம்தான் இன்றைய எதார்த்தம். அதை எழுதுவதைக் காலநிலைப் புனைவு என்கிறது உலகம். கையில் வெடிப்பை எண்ணுகிறவர் கடல் ஏறுவதை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்?

நூலகத்திலும் இதே லட்சணம்தான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் குழந்தைகள் பகுதியில் செருகி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறதல்லவா, அதனால்! பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் அனுமதிக்காத சர்வாதிகாரியைப் பற்றிய நாவல் என்பதைப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

உப்புத் தொழில் இல்லாத மழை மாதங்களுக்கு அரசு தருவது 5,000 ரூபாய். அதில் ஒரு குடும்பம் மூன்று மாதம் ஓட்டிவிடும் என்று நம்புகிறார்களே, அதைவிட மிகைபுனைவு வேண்டுமா? அதற்கு எந்த நடுவரும் மைக் பிடிப்பதில்லை.

ஒதுக்குவதென்றால் கந்தசாமிப் பிள்ளையையும் சேர்த்து ஒதுக்குங்கள். கடவுள் கட்டிய சந்தாவை யார் திருப்பித் தருவது என்பதையும் அடுத்த விழாவிலேயே அறிவித்துவிடுங்கள்.