போரைச் சொல்லும் சித்திரக்கதை

சித்திரக்கதைப் புத்தகமும் கையுமாக இருக்கும் பிள்ளையை, "பாடத்தைப் படி" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர். இரும்புக்கை மாயாவியை எண்ணி அவ்வாறு கூறுவராயின் ஓரளவு நியாயமுண்டு. (அவனும் அத்துணைப் பொல்லாதவன் அல்லன்.) ஆயின் 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'வன்னி' என்னும் நூலை அவ்வரிசையில் வைக்க நாம் ஒருப்படோம்.

இதனை எழுதிய பெஞ்சமின் டிக்ஸ், ஐ.நா. ஊழியராக வன்னியில் பணியாற்றி, 2008 செப்டெம்பரில் ஐ.நா. அங்கிருந்து விலகியபோது வெளியேறியவர். உயிர்தப்பியோரின் வாக்குமூலங்களைக் கேட்டு அவர் அமைத்த கதைக்கு லிண்ட்சே பொலக் சித்திரம் தீட்டினார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் தொடங்கி 2009இன் இறுதிப் போர்வரை ஒரு குடும்பத்தைத் தொடர்கிறது கதை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட அந்த அலையைத் தம்பிலுவில் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

'மக்கள் இடம்பெயர்ந்தனர்' என்று சரித்திர நூல் இரு சொல்லில் முடித்துவிடக்கூடும். பதுங்குகுழியும் தறப்பாளும் குழந்தையின் முகமுமாக ஓவியர் அதனைப் பக்கம் பக்கமாகத் தீட்டும்போது, அவ்விரு சொல்லின் பாரம் விளங்குகின்றது. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் உயிர்தப்பிய கெய்ஜி நகசாவா, தம் நகரின் அழிவைச் சித்திரக்கதையாக்கினார். தம் தந்தையார் நாஜிகளின் முகாமில் பட்ட துயரை ஆர்ட் ஸ்பீகல்மன் 'மவுஸ்' என வரைந்து 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றார்.

மாணவர் ஒன்றை மறத்தலாகாது. 'வன்னி'யின் குடும்பம் கற்பனைக் குடும்பம், சாட்சியங்கள் பலருடையவை. ஆகவே தேதியையும் தொகையையும் சரித்திர நூலில் ஒப்பு நோக்குக. அன்றியும் அது வடக்கின் கதை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் சிந்திய இரத்தம் அதன் பொருளன்று.

நம் கரையின் கதையை வரைவோர் யார்? தமிழரின் துயர் மட்டும், அல்லது முஸ்லிம்களின் துயர் மட்டும் வரையப்படுமாயின் அது பாதிச் சரித்திரமே. ஓவியக் கொப்பியும் பென்சிலும் நம் பிள்ளைகளிடம் உள. தம்பிலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட பாதையில் போக்குவரத்து எக்காலத்தில் அஞ்சத்தக்கதாயிற்று, பின்னர் எவ்வாறு சீர்ப்பட்டது என்பதைக் கண்ட முதியோர் இரு ஊர்களிலும் இன்னும் இருக்கின்றனர்.