ஏழு நாள் சொந்தக்காரர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியின் தமையனார் கையில் ஒரு கனத்த உறையுடன் வந்து சேர்ந்தார். காந்தி சாலையில் பட்டுக் கடை வைத்திருப்பவர். முகூர்த்த நாட்களில் அவரைக் கடைக்குப் போய்த்தான் தரிசிக்க வேண்டும். காப்பி வருவதற்குள் உறையைப் பிரித்தார். மலைச் சாரல், மூடுபனி, மர வீடு, அதன் வாசலில் சிரித்து நிற்கும் குடும்பம், இவ்வளவும் வர்ணப் படங்களாக வெளியே வந்தன.

சென்னையில் ஒரு ஹோட்டலுக்குத் தம்பதி சமேதராக வரவேண்டுமென்று அழைத்திருக்கிறார்கள். விருந்து இலவசம், பரிசும் உண்டு. மூன்று மணி நேரம் பேசிய பிற்பாடு, அன்றே கையெழுத்திட்டால்தான் சலுகை என்றார்களாம். பட்டு வியாபாரிக்கு இந்த வித்தை புதிதா? ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர். வாரமாக வாங்குவதா, புள்ளியாக வாங்குவதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். டைம்ஷேர் என்பது ஓர் உல்லாச விடுதியின் அறையை வருஷத்தில் சில நாள் மட்டும் அனுபவிக்கும் உரிமை. முதலில் ஒரு பெருந்தொகை. பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். 1960-களில் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையில் பிறந்த யோசனை. 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் தோன்றிய பின் நம் பக்கம் பரவலாயிற்று. 1996-ல் மகிந்திராவும் இத்தொழிலில் இறங்கிற்று. நிலையான வார முறையில், ஆங்கில வருஷத்தின் 52 வாரங்களில் இன்ன எண்ணுள்ள வாரம், இன்ன விடுதி என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். புள்ளி முறையில் வாரமும் இல்லை, அறையும் இல்லை. ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று வரவு வைப்பார்கள். அதைச் செலவிட்டு, இடமிருந்தால், வேண்டிய ஊரில் வேண்டிய நாளில் தங்கலாம்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய செங்கற்பட்டுச் சீமையின் மிராசு ஞாபகம் வந்தது. வாத்தியார் புத்தி எங்கே போகும்? மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரை 1818-ல் எழுதிய நூல், பிரசித்தமானது. இன்ன வயல் இன்னாருக்கே என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அது அறுதிக்கரை. பங்கு மட்டும் நிலைத்திருக்க, வயல்கள் அவ்வப்போது மாற்றிப் பகிரப்பட்டால் அது பசுங்கரை. நிலையான வாரத்தை அறுதிக்கரை என்றும், புள்ளியைப் பசுங்கரை என்றும் சொல்லலாம் போலிருக்கிறதே என்றேன். மைத்துனருக்கு இந்த உபமானம் பிடித்துவிட்டது. ஆனால் உபமானத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது பிறகுதான் எனக்கே புலப்பட்டது.

முதலில் வாரத்தைப் பார்த்தோம். என்னைப் போன்ற உபாத்தியாயருக்கு ஓய்வென்றால் மே மாதந்தான். அந்த மாதத்தில் கொடைக்கானலில் ஒரு வாரம் நமக்கென்றே எழுதியிருந்தால், இடம் கிடைக்குமா என்று யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இது பெரிய சௌகரியம். ஆனால் நாங்கள் இருப்பது காஞ்சிபுரம். வைகாசியில் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம். கருட சேவைக்கென்று நான்கு திசையிலிருந்தும் பந்துக்கள் வந்து இறங்குவார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையேறினால் ஜன்மத்துக்கும் பேச்சு நிற்காது. அந்த உற்சவமோ நட்சத்திரக் கணக்கில் வருவது. 2023-ல் கருட சேவை ஜூன் தொடக்கத்தில் வந்தது. 2025-ல் மே நடுவிலேயே வந்துவிட்டது. மே நடுவில் விழும் வாரத்தை வாங்கியவருக்கு ஒரு வருஷம் தோஷமில்லை, மறுவருஷம் கொடையா கருட சேவையா என்ற தர்மசங்கடம். பஞ்சாங்கம் நகரும், பத்திரத்தில் எழுதிய எண் நகராது. நம்மூரில் வைத்த தவணை தவறாமல் வருபவர் அத்திவரதர் ஒருவர்தான். 1979-க்குப் பிறகு 2019, இனி 2059.

மைத்துனர் நிலைமை வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும், ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுப்பவர்கள் ஆடியிலேயே வந்துவிடுவார்கள். எந்த வாரம் கடை ஓயும் என்பது அவருக்கே பத்து நாள் முன்புதான் தெரியும். ஆகவே புள்ளிதான் பொருத்தம் என்று இருவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

அப்போதுதான் கடைசிப் பக்கத்துப் பொடியெழுத்து கண்ணில் பட்டது. ஒவ்வோர் அறைக்கும் நாளுக்கும் எத்தனை புள்ளி என்ற அட்டவணையை நிறுவனம் அவ்வப்போது மாற்றி அமைக்கலாமாம். ஓட்டை இங்கேதான். பசுங்கரையில் வயலைப் பிரித்துக்கொண்டவர்கள் பங்காளிகள். இங்கே நிறுவனமே கோலை வைத்துக்கொண்டு அளக்கிறது. இன்று ஏழு நாள் தரும் புள்ளி, பத்து வருஷத்தில் ஐந்து நாள் தந்தாலும் உங்கள் கணக்கில் ஒரு புள்ளியும் குறைந்திராது! அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய டிஸ்னி விடுமுறைச் சங்கத்தில் இதற்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு நாளுக்குப் புள்ளியைக் கூட்டினால் வேறொரு நாளுக்குக் குறைத்தாக வேண்டும், வருஷத்து மொத்தம் ஏறக்கூடாது. மைத்துனரின் புத்தகத்தில் அத்தகைய ஷரத்தைத் தேடினோம். இல்லை. செலவழியாத புள்ளி மறுவருஷத்துக்கு வருமா என்பதற்கும் தெளிவான பதில் இல்லை.

இதற்குள் என் மனைவி ஒரு பென்சிலுடன் வந்து உட்கார்ந்தாள். "வாரமோ புள்ளியோ, பணம் எவ்வளவு அண்ணா?" என்றாள். 4 லட்ச ரூபாய்; 25 வருஷம்; ஆண்டுக் கட்டணம் 18,000. பாங்கியில் நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்துக்கொண்டால், 4 லட்சத்துக்கு வருஷ வட்டி 28,000. இரண்டும் சேர்ந்து 46,000. ஏழு நாளுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 6,570 ரூபாய் சொச்சம். சாப்பாடும் பிரயாணமும் தனி. 25 வருஷ முடிவில் முதலும் திரும்பாது. ஆண்டுக் கட்டணம் 18,000-லேயே நிற்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவுமில்லை.

"நடுவில் விற்றுவிட்டால்?" என்றார் மைத்துனர். வாங்குபவர் வேண்டுமே! அறை இரவுகளை முதலீடு போல விற்ற மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் கதையை அவருக்குச் சொன்னேன். 50 லட்சம் பேருக்கு மேல் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தார்கள். 2014-ல் செபி புதிய வசூலைத் தடுத்தது. 2016-ல் பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. உத்தரவு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. மைத்துனர் காட்டிய நிறுவனம் அத்தகையதென்று நான் சொல்லவில்லை. தங்குவதற்காக வாங்குவது வேறு, லாபத்துக்காக வாங்குவது வேறு என்பதற்காகவே சொன்னேன்.

என் அபிப்பிராயத்தை அவர் வற்புறுத்திக் கேட்டார். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டு, ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் போகச் சலிக்காதவருக்கு நிலையான வாரமே மேல். அதை எவரும் குறைத்து அளக்க முடியாது. அவரைப் போன்றவருக்குப் புள்ளி, ஆனால் அந்த மொத்தம் ஏறாது என்ற ஷரத்து எழுத்தில் இருந்தால் மட்டும். அதை எழுதித் தரும்படி கடிதம் போடச் சொன்னேன்.

கடிதம் போட்டார். பதிலுக்குத் தொலைபேசியில் ஓர் இளைஞர் மிக இனிமையாக அரை மணி நேரம் பேசினாராம். எழுத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. தவணை வாரம் கழிந்தது. புரட்டாசியில் கடை கொஞ்சம் ஓய்ந்தால் இரண்டு குடும்பமுமாக ஏற்காட்டில் மூன்று நாள் வாடகைக்கு அறை எடுப்பதாக உத்தேசம். வர்ணப் படப் புத்தகத்தை என் சின்னப் பெண் வாங்கிக்கொண்டாள். அந்தக் கனத்த உறையில் இப்போது எங்கள் வீட்டு மின்சார ரசீதுகள் இருக்கின்றன.